இழப்புற்றவரும் கள்ளாமையும்



கள்ளாமை என்னும் அணுவிரதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், நம் மனக்கண்முன் முதலில் தோன்றுபவன் நள்ளிரவில் சுவரில் கன்னமிடும் கள்வன். அவனுக்கும் நமக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்ற நிம்மதியில் அவ்விரதத்தை எளிதாகக் கடந்து சென்றுவிடுகிறோம். கொல்லாமையை நாள்தோறும் சோதித்துப் பார்க்கிறோம். நீரை வடிகட்டிக் குடிக்கிறோம். பொழுது சாயுமுன் உண்கிறோம். கீரையை ஆய்ந்து பார்த்துச் சமைக்கிறோம். கள்ளாமையை இவ்வாறு அன்றாடம் ஆய்ந்து பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. எமக்கும் இல்லாதிருந்தது. சென்ற ஆண்டு நேர்ந்த ஒரு சிறு கார் விபத்தும், அதைத் தொடர்ந்த காப்பீட்டுக் கோரிக்கையும் அச்சோதனையை எம் முன் வைத்தன. அதில் யாம் முதலில் தோற்றோம் என்பதை மறைக்காமல் எழுதுவதே முறை.

வினா இதுதான்: பிறர் தவறினால் இழப்புற்ற ஒருவர், அவ்விழப்பை ஈடு செய்துகொள்ளும்போது எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது? தவறு செய்தவரைப் பற்றி நூல்கள் நிறையப் பேசுகின்றன. தவறு செய்யாதவருக்கும் ஒரு சோதனை உண்டு என்பதை யாம் எழுபது வயதுக்குமேல்தான் உணர்ந்தோம்.

சாலையில் நிகழ்ந்தது

பொன்னூர் மலையில் குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகளை வணங்கிவிட்டு, வந்தவாசியிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையில் எம் குடும்பத்தினருடன் திரும்பிக்கொண்டிருந்தோம். காரை எம் மகன் ஓட்டினான். எமது ஓய்வூதியச் சேமிப்பில் வாங்கிய வண்டி ஆதலால் அது எம் பெயரிலேயே பதிவாகியிருந்தது. மாலை ஐந்து மணி இருக்கும். ஓர் ஆட்டு மந்தை சாலையைக் கடந்தது. மகன் வண்டியை மெல்ல நிறுத்தினான். கடைசி ஆட்டுக்குட்டி கடந்துகொண்டிருக்கையில், பின்னால் மணிலா மூட்டைகளை ஏற்றி வந்த, மக்கள் 'குட்டி யானை' என்று அழைக்கும் சிறு சரக்கு வண்டி எம் காரின் மீது மோதியது.

ஆடுகளுக்கு ஊறு நேரவில்லை. எமக்கும் கழுத்து வலி தவிர வேறு காயமில்லை. காரின் பின் கண்ணாடி நொறுங்கி, டிக்கிக் கதவு உள்வாங்கி, பம்பர் பிளந்து கிடந்தது. சரக்கு வண்டியின் ஓட்டுநர் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க இளைஞர். அவருடன் வந்த உதவியாளர் அவரினும் இளையவர். தம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் அமர்ந்துவிட்டார்.

ஓட்டுநர் எம் மகனிடம் கைகூப்பினார். "அண்ணா, தப்பு என்னுடையதுதான். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். என்னிடம் மூவாயிரம் ரூபாய் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் இன்சூரன்சில் மரத்தில் மோதியதாக எழுதினாலும் பணம் கொடுப்பார்களாம். என் பெயர் வேண்டாம்" என்றார். பின் எம்மிடம் திரும்பி, "அம்மா, நீங்களாவது சொல்லுங்கள்" என்றார்.

அவர் கூறியதில் ஓர் உண்மை இருந்தது. முழுக் காப்பீடு செய்துள்ள வண்டிக்கு நேரும் சேதத்தைத் தம் சொந்தக் காப்பீட்டிலேயே கோரலாம். மோதியவர் வேறொருவர் ஆயினும், தாமே மரத்தில் மோதியிருப்பினும், சேதத்துக்கான தொகை ஏறக்குறைய ஒன்றே. ஆகவே, எமக்கு இழப்பின்றி அவ்விளைஞரைக் காக்கும் ஒரு பொய் எம் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. ஏழைக்கு இரங்குவதும் அறமன்றோ என்று மனம் இளகியது. பிறர்க்குக் கேடு விளைக்குமாயின் உண்மையையும் இல்லறத்தார் சொல்லலாகாது என்பது சமந்தபத்திரர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் வகுத்த நெறி என்பதும் நினைவுக்கு வந்தது. அந்நெறியைப் பற்றிக்கொண்டு இப்பொய்யை எழுதிவிடலாமோ என்று ஒரு கணம் எண்ணினோம்.

அப்போது சாலையோரத்தில் அமர்ந்திருந்த உதவியாளரின் மீது எம் பார்வை சென்றது. அவர் மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. மரத்தில் மோதியது எம் கார் என்று எழுதிவிட்டால், அந்த மாலையில் அச்சாலையில் சரக்கு வண்டி மோதிய விபத்தே நிகழவில்லை என்று பொருள். நிகழாத விபத்தில் ஒருவர் கை முறிய முடியாது. அதற்கு எவரும் மருத்துவச் செலவு தரவும் வேண்டியதில்லை. ஒருவருக்கு இரங்கி எழுதும் பொய், அவரினும் எளியவரின் கையைப் பறித்துவிடும் என்பது அப்போதுதான் விளங்கியது. சமந்தபத்திரர் தடுத்தது கேடு செய்யும் சொல்லை. இங்கே கேடு செய்வது பொய்யே அன்றி உண்மை அன்று.

மூவாயிரம் ரூபாயை மறுத்தோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், விபத்தில் சிக்கிய வண்டியின் ஓட்டுநர் காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்யவும், காவல் நிலையத்துக்குத் தகவல் தரவும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவிக்கவும் 134ஆம் பிரிவில் பணிக்கிறது. முதலில் அவ்விளைஞரை வேறொரு வண்டியில் மருத்துவமனைக்கு அனுப்பினோம். மகன் இரு வண்டிகளையும், நின்ற நிலையிலேயே, எண் பலகை தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்தான். பின்பு காவல் நிலையம் சென்று நடந்ததை நடந்தவாறே பதிந்தோம். எம் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றிரவே தகவல் தந்தோம்.

இவ்வளவில் எம்மை யாமே மெச்சிக்கொண்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அந்த மெச்சுதலே பின்னர் எம் காலை இடறியது.

பட்டறையில் நிகழ்ந்தது

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுசென்றோம். சர்வேயர் வந்து பார்க்குமுன் எந்த வேலையையும் தொடங்கலாகாது என்பதால் எஸ்டிமேட் மட்டும் தயாரானது. பின் கண்ணாடி 5,000, டிக்கிக் கதவு 9,000, பம்பர் 4,000, பின் விளக்குகள் 3,000, டிங்கர் வேலை உள்ளிட்ட கூலி 6,000, பெயின்ட் வேலை 8,000; ஆக 35,000 ரூபாய்.

இதில் காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு தரும் என்று மெக்கானிக் கணக்கிட்டுக் காட்டினார். எம்முடையது சாதாரண முழுக் காப்பீடு. தேய்மானத்தைக் கழித்தே தொகை தரப்படும். பிளாஸ்டிக், ரப்பர் உறுப்புகளுக்குப் பாதி விலைதான். உலோக உறுப்புகளுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு. எமது வண்டி நான்கு ஆண்டைக் கடந்து ஐந்தாம் ஆண்டில் ஓடியதால் 35 விழுக்காடு. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயின்ட் செலவில் நான்கில் ஒரு பங்கைப் பொருளின் விலையாகக் கொண்டு, அதில் பாதியைக் கழிப்பர். இவை எல்லாம் சேர்ந்து 7,650 ரூபாய். இதற்குமேல் ஒவ்வொரு கோரிக்கைக்கும் உரிமையாளர் ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். ஆக, எம் கையிலிருந்து 8,650 ரூபாய் போகும். நிறுவனம் 26,350 தரும். அன்றியும், நான்கு ஆண்டுகள் கோரிக்கை ஏதும் செய்யாமல் ஓட்டியதற்காகச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் எமக்குக் கிடைத்துவந்த 45 விழுக்காட்டு நோ கிளெய்ம் போனஸ் அடுத்த புதுப்பித்தலில் இல்லாமற்போகும்.

"அம்மா, நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்றார் மெக்கானிக். "முன் கதவில் பழைய சிராய்ப்பு ஒன்று இருக்கிறது, முன் பம்பரிலும் வெடிப்பு இருக்கிறது. மோதிய வேகத்தில் முன்னால் தள்ளப்பட்டு எதிலோ இடித்ததாகச் சேர்த்துவிடுவோம். எஸ்டிமேட்டைக் கொஞ்சம் ஏற்றினால் உங்கள் கையிலிருந்து ஒரு காசும் போகாது. எல்லாரும் செய்வதுதான். நீங்கள் படிவத்தில் கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அந்த முன் கதவுச் சிராய்ப்பு, ஈராண்டுக்கு முன் எம் வீட்டு வாயிலின் இரும்புக் கதவில் யாமே உரசிக்கொண்டது. மெக்கானிக்குக்கும் அது தெரியும். எம் மகன் எம்மைப் பார்த்தான். "அம்மா, தவறு நம்முடையது அல்லவே. நின்றுகொண்டிருந்த வண்டியில் வந்து மோதினான். எட்டாயிரத்து அறுநூற்றைம்பதை நாம் ஏன் இழக்க வேண்டும்?" என்றான்.

யாம் கையொப்பமிட்டோம். முப்பத்தைந்து ஆண்டுக்கால ஆசிரியப் பணியில் ஒரு நாளேனும் வெற்று வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடாத கை, அன்று வெற்றுக் கோரிக்கைப் படிவத்தில் கையொப்பமிட்டது.

ஏன் இட்டோம் என்று பின்னர் எண்ணிப் பார்த்தோம். பேராசையினால் அன்று. எமக்கு அநீதி இழைக்கப்பட்டுவிட்டது என்ற எண்ணத்தினால். பசித்தவன் திருடும்போது தன்னைத் திருடன் என்று அறிந்தே திருடுகிறான். இழப்புற்றவன் திருடும்போது தன் உரிமையை மீட்பதாகவே எண்ணுகிறான். அதனால் அவன் நெஞ்சு அவனைத் தடுப்பதில்லை. சாலையில் மூவாயிரத்தை மறுத்த எம்மை எட்டாயிரம் வென்றது, அது எமக்கு உரியது போன்ற வேடம் பூண்டு வந்ததனால்தான்.

ஒரு பழைய விடைத்தாள்

அன்று மாலை சாமாயிகத்தில் அமர்ந்தபோது மனம் ஒருமைப்படவில்லை. சுமார் நாற்பது ஆண்டுகளுக்குமுன் எம் வகுப்பில் பயின்ற ஒரு மாணவனின் முகம் கண்முன் நின்றது. அரையாண்டுத் தேர்வின் கணக்கு விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்திருந்தோம். அவனுக்கு 96 மதிப்பெண், வகுப்பில் முதலிடம். சற்று நேரத்தில் அவன் மேசையருகே வந்து, "டீச்சர், கூட்டல் தவறு, 91தான் வருகிறது" என்றான். கூட்டிப் பார்த்தோம், அவன் சொன்னதே சரி. அடுத்தவன் 93 பெற்றிருந்தான். அவன் முகம் வாடியிருப்பதைக் கண்டும் ஐந்து மதிப்பெண்ணைக் கழித்து, இரண்டாம் இடத்துக்கு மாற்றினோம். பிறகு வகுப்பின் முன் அவனை நிறுத்திக் கள்ளாமையைப் பற்றி ஒரு பாடமே நடத்தினோம்.

அவன் அந்தக் கூட்டல் பிழையைச் செய்யவில்லை, யாமே செய்தோம். அதனால் அந்த ஐந்து மதிப்பெண் அவனுடையதாகிவிடவில்லை என்பதைப் பதின்மூன்று வயதுச் சிறுவன் அறிந்திருந்தான். விபத்தை யாம் செய்யவில்லை. ஆயினும் அதனால் பழைய சிராய்ப்புக்கான பணம் எம்முடையதாகிவிடாது என்பதை எழுபது வயதுக்கு மேற்பட்ட ஆசிரியை அறியவில்லை. விபத்தில் குற்றமின்மை ஒன்று. கோரிக்கையில் குற்றமின்மை வேறொன்று. முன்னது பிறர் செயலால் நமக்கு அமைவது. பின்னதை நாமே காத்துக்கொள்ள வேண்டும்.

யாருடைய பணம்?

"நிறுவனம் கோடி கோடியாக ஈட்டுகிறது, அதற்கு எட்டாயிரம் ஒரு பொருட்டா?" என்று கேட்பவர் உண்டு. 1973ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பொதுக் காப்பீடு நாட்டுடைமையாகி, 107 நிறுவனங்கள் நான்காக இணைக்கப்பட்ட காலத்தில் இதே கேள்வி, "அரசாங்கப் பணம்தானே?" என்று கேட்கப்பட்டது. 2000ஆம் ஆண்டுக்குப்பின் தனியார் நிறுவனங்கள் மீண்டும் வந்தபோது, "முதலாளி பணம்தானே?" என்று மாறியது. உடைமையாளர் மாறினார், சாக்கு மாறவில்லை.

காப்பீடு என்பது யாது? பலரும் ஆண்டுதோறும் சிறு தொகையைப் பொதுவில் இட்டு, அவருள் எவர்க்கு இழப்பு நேர்கிறதோ அவர்க்கு அதிலிருந்து எடுத்துத் தருவது. நிறுவனம் அதன் இலாபத்தை எடுத்துக்கொள்கிறது என்பது மெய்யே. ஆனால் பொய்க் கோரிக்கைகள் மிகுந்தால் அச்சுமை ஈற்றில் பிரீமியத்தில்தான் ஏறும். தன் காரை ஒரு முறையும் இடிக்காமல் ஓட்டும் எங்கோ ஓர் ஊரின் ஆசிரியரும், கடன் வாங்கி வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவரும் எம் வீட்டு வாயிற்கதவுச் சிராய்ப்புக்குப் பணம் கட்டுவர். எமக்கு அநீதி செய்தவர் சரக்கு வண்டி ஓட்டியவர். யாம் கை வைக்க இருந்ததோ, எமக்கு எந்த அநீதியும் செய்யாதவர்களின் மடியில்.

காப்பீட்டுக்கு அடிப்படை விதி ஒன்று உண்டு. விபத்துக்கு முந்திய நொடியில் ஒருவர் எந்நிலையில் இருந்தாரோ அந்நிலைக்கு அவரை மீட்பதே அதன் வேலை. அதனினும் மேலான நிலைக்கு உயர்த்துவது அன்று. மிகுபொருள் விரும்பாமைக்கு இதனினும் எளிய விளக்கம் எம்மால் தர இயலாது. இவ்விதியை மனத்தில் வைத்து மீண்டும் கணக்குப் பார்த்தோம். 8,650 ரூபாயில் 7,650 தேய்மானக் கழிவு. நான்கு ஆண்டு வெயிலிலும் மழையிலும் உழைத்த பம்பரை இழந்து புத்தம் புதிய பம்பரைப் பெறுகிறோம். பழைய கதவுக்குப் பதில் புதிய கதவு வருகிறது. அந்த வேறுபாட்டை யாம் தருவதில் அநீதி எங்கே இருக்கிறது? மெய்யான இழப்பு கட்டாயக் கழிவு ஆயிரமும், போனஸ் போனதும், வண்டியின்றிப் பேருந்தில் அலைந்த நாள்களின் செலவுமே. மனம் கொதித்தபோது எட்டாயிரமாகத் தோன்றியது, ஆற அமரப் பார்த்தபோது பெரிதும் சுருங்கிவிட்டது.

ஐந்து அதிசாரங்கள்

யாம் பண்டிதர் அல்லோம். ஆசிரியர் பயிற்சி மட்டுமே பெற்றவர். எனினும் உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் கள்ளாமை விரதத்துக்குக் கூறும் ஐந்து அதிசாரங்களை அன்றிரவு எடுத்துப் படித்தபோது, அவை பட்டறையில் நின்று எழுதப்பட்டவை போல் எமக்குத் தோன்றின.

முதலாவது, பிறரைத் திருடத் தூண்டுதல். "நீங்களே பார்த்துச் செய்யுங்கள்" என்று மெக்கானிக்கிடம் வெற்றுப் படிவத்தை நீட்டுவது இதுவே. நம் கையால் எண்களை எழுதவில்லை என்பதால் நாம் விடுபடுவதில்லை.

இரண்டாவது, திருடிய பொருளை வாங்குதல். பழைய உதிரிப் பொருள்கள் ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கின்றன என்று கேளாமல் வாங்குபவர், களவாடப்பட்டுப் பிரிக்கப்பட்ட வண்டியின் விளக்கைத் தம் வண்டியில் மாட்டிக்கொள்ளக்கூடும்.

மூன்றாவது, அரசு வகுத்த முறையை மீறிப் பொருள் கொள்ளுதல். வரியைத் தவிர்க்கப் பில் இல்லாமல் வாங்குவது இதில் அடங்கும்.

நான்காவது, அளவிலும் நிறையிலும் கூட்டியும் குறைத்தும் வணிகம் செய்தல். படிக்கல்லும் மரக்காலும் மட்டுமே அளவைகள் அல்ல. எஸ்டிமேட்டும் ஓர் அளவையே. அதை ஏற்றி எழுதுவது கள்ள மரக்காலே.

ஐந்தாவது, பிரதிரூபக வியவகாரம்; அஃதாவது போலியை மெய்ப்பொருளாகக் காட்டி நடத்தும் வணிகம். டூப்ளிகேட் பம்பரை மாட்டி ஒரிஜினலுக்குப் பில் போடுவது இதுவன்றி வேறென்ன?

பொய்யாமை விரதத்தின் அதிசாரங்களுள் கூடலேகக் கிரியை என்பதும் ஒன்று. அது பொய் ஆவணம் எழுதுதல். வாயால் சொல்லும் பொய் காற்றோடு போய்விடலாம். கோரிக்கைப் படிவத்தில் எழுதிய பொய், அதை நம்பிச் சர்வேயரும், அவரை நம்பி அலுவலரும் கையொப்பமிடக் காரணமாகிறது. ஒரு பொய் மூவர் கையெழுத்தைப் பெற்று உண்மை போல் கோப்பில் அமர்ந்துவிடுகிறது.

திருத்திக்கொண்டதும் அதன் விலையும்

மறுநாள் காலை பட்டறைக்குச் சென்று படிவத்தைத் திரும்பப் பெற்றோம். நல்வினைப் பயனாக அது இன்னும் அனுப்பப்படவில்லை. முன் கதவையும் முன் பம்பரையும் நீக்கி எஸ்டிமேட்டை மீண்டும் எழுதச் சொன்னோம். எம் கையாலேயே படிவத்தை நிரப்பிக் கையொப்பமிட்டோம். மெக்கானிக் வருந்தினார். "அம்மா, அப்படியானால் டூப்ளிகேட் பம்பரும் விளக்கும் போட்டு ஒரிஜினல் பில் தருகிறேன், உங்கள் பங்கு குறையும்" என்றார். அவரைக் கெட்டவர் என்று யாம் சொல்லமாட்டோம். வாடிக்கையாளரின் சுமையைக் குறைப்பதையே தம் திறமையாக அவர் பழகியிருந்தார். அவ்வாறு பழக்கியவர்கள் எம்மைப் போன்ற வாடிக்கையாளர்களே. ஒரிஜினல் உறுப்புகளை உறையோடு காட்டி மாட்டும்படி கேட்டுக்கொண்டோம்.

இதனால் எமக்கு உடனடி நன்மை ஏதும் விளையவில்லை. எஸ்டிமேட்டைத் திருத்தியதில் நான்கு நாள் தாமதமாயிற்று. 8,650 ரூபாயை யாமே கட்டினோம். போனஸ் போயிற்று. எம் மகன் இரண்டு நாள் எம்மோடு அதிகம் பேசவில்லை. முன் கதவின் சிராய்ப்பு இன்றும் அப்படியே இருக்கிறது.

சாலையில் கூறிய உண்மைக்கும் ஒரு விலை இருந்தது. உதவியாளரின் மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்ததாகப் பின்னர் அறிந்தோம். அவர் வீட்டில் வழுக்கி விழுந்தார் என்று சொல்லிவிட உரிமையாளர் முயன்றாராம். காவல் நிலையப் பதிவு அதைத் தடுத்தது. ஆனால் ஓட்டுநர் அஞ்சியவாறே வேலையை இழந்தார். எம் மகன் உரிமையாளரிடம் இரு முறை தொலைபேசியில் பேசிப் பார்த்தான், பயனில்லை. அவ்விளைஞரின் கூப்பிய கைகள் எம் நினைவில் இன்னும் இருக்கின்றன. உண்மை சொன்னால் எவர்க்கும் வலிக்காது என்று யாம் வகுப்பறையில் சொல்லியிருந்தால் அது தவறு. வலிக்கும். அந்த வலியைப் போக்க நம் பொருளால் இயன்றதைச் செய்யலாமே அன்றி, பொய்யால் அதை வேறொருவர் மீது மாற்றலாகாது.

விட்டுக்கொடுப்பதற்கும் ஒரு முறை

பிறர் தவறால் வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்கு அப்பிறரிடமும், அவர்தம் மூன்றாம் நபர் காப்பீட்டு நிறுவனத்திடமும் இழப்பீடு கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உயிர்ச்சேதம், காயம் ஆகியவற்றோடு பொருட்சேதக் கோரிக்கைகளையும் ஏற்கிறது. எமக்கு வராத தொகையை நேர்மையாகக் கேட்கும் இடம் அதுவே. எம் மகனின் கேள்விக்கு மறுமொழியும் அங்கேதான் இருந்தது. "நாம் ஏன் இழக்க வேண்டும்?" என்றால், இழக்க வேண்டியதில்லை, கேட்க வேண்டியவரிடம் கேட்கலாம். யாம் கேட்கவில்லை. சில ஆயிரங்களுக்காக அலைய உடலில் வலுவில்லை. வேலையிழந்த இளைஞரை மீண்டும் வழக்கில் இழுக்க மனமுமில்லை. அது எம் பணம். எம் பணத்தை யாம் விட்டுக்கொடுத்தோம்.

இங்கே ஒரு வேறுபாட்டை அன்பர்கள் கருத வேண்டும். நம் பொருளை நாம் விட்டுக்கொடுக்கலாம், அது க்ஷமை. காப்பீட்டு நிறுவனத்துக்கு உரியதை நாம் விட்டுக்கொடுக்க இயலாது. எம் சேதத்தை ஈடு செய்த நிறுவனத்துக்கு, அத்தொகையைத் தவறு செய்தவரிடமிருந்து கேட்கும் உரிமை எம் வழியாகச் செல்கிறது. ஆதலால் சாலையோரத்தில் மூவாயிரம் வாங்கிக்கொண்டு, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதைச் சொல்லாமல் நிறுவனத்திடமும் முழுத் தொகை பெறுவது ஒரே இழப்புக்கு இரு முறை ஈடு பெறுவதாகும். பிறர் உரிமையைத் தானம் செய்து நாம் புண்ணியம் தேடுவதும் ஆகும்.

இதற்கு நேர்மாறான பிழையும் நம் குடும்பங்களில் உண்டு. "எல்லாம் முன்வினைப் பயன், எதையும் கேட்கக்கூடாது" என்று வாளாவிருந்துவிடுவோர் உளர். வினைப்பயனை அமைதியாக ஏற்பது வேறு; உரியதைக் கேளாமல் இருந்து உள்ளுக்குள் புழுங்குவது வேறு. பிரீமியம் செலுத்தியவர் ஒப்பந்தப்படி தமக்கு உரியதைக் கேட்பது பேராசை அன்று. சிறப்பாக, விபத்தில் கணவரையோ மகனையோ இழந்த நம் சகோதரியர் இழப்பீடு கேட்கக் கூசவே வேண்டாம். அது அவர்தம் குழந்தைகளின் உணவும் கல்வியும் ஆகும். உரியதில் ஒரு காசு குறையாமல் கேளுங்கள். ஒரு காசு கூட்டியும் கேளாதீர்கள். கூட்டாமையைப் போலவே குறையாமையும் சரியான அளவையின் இலக்கணம்.

அன்பர்களே! நம் இல்லங்களில் இன்று இருசக்கர வாகனமோ காரோ இல்லாத வீடு அரிதாகி வருகிறது. விபத்து எவர்க்கும் நேரலாம். நேர்ந்தால் முதலில் உயிர்களைப் பாருங்கள். நடந்ததை நடந்தவாறே பதியுங்கள். வெற்றுப் படிவத்தில் கையொப்பமிடாதீர்கள். எஸ்டிமேட்டின் ஒவ்வொரு வரியையும் படித்து, "இது இந்த விபத்தில் நேர்ந்ததா?" என்று கேளுங்கள். ஆம் எனில் கேட்டுப் பெறுங்கள். அன்று எனில் உங்கள் கையாலேயே அடித்துவிடுங்கள்.

அண்மையில் ஒரு நாள் எம் பேரன், "பாட்டி, முன் கதவில் ஏன் இந்தக் கோடு?" என்று கேட்டான். யாம் மறுமொழி சொல்லுமுன், "அது நாமே இடித்துக்கொண்டது" என்றான் எம் மகன்.

கள்ளாமை காப்போம். அறம் வளர்க!